நிறுத்திய பிறகும் வெளுத்த பற்கள்

1. ஐந்தாம் நாள்

அந்தப் பெண்ணுக்கு பல்லை வெளுக்க வைக்கும் வைட்டனிங் சிகிச்சையை நிறுத்தி ஐந்து நாள் ஆகியிருந்தது. ஆனால் அவள் பற்கள் வெளுத்துக்கொண்டே இருந்தன.

வெளியாட்களுக்கு இது நல்ல சேதியாகத் தெரியலாம். கொடுத்த காசுக்கு மேலேயே வெளுக்கிறது, அதற்கென்ன என்பார்கள். இந்த வேலையில் இருப்பவர்களுக்குத்தான் எங்கோ தப்பு என்று தெரியும். ஜெல் பல்மேல் இருக்கும்வரைதான் பல் வெளுக்கும். ஜெல்லைத் துடைத்து எடுத்துவிட்டால் அதோடு நிற்க வேண்டும். இரண்டு நாள் போனால் கொஞ்சம் மங்கக்கூடச் செய்யும்.

ஷேட் கைடு என்று ஒன்று வைத்திருப்போம். மங்கலில் தொடங்கி வெள்ளை வரைக்கும் வரிசையாகப் பொய்ப்பற்கள் கோத்த ஒரு பட்டை. அதை நோயாளியின் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து, எந்தப் பல்லோடு நிறம் ஒத்துப்போகிறது என்று பார்த்து எழுதிவைப்பது என் வேலை. ஐந்தாம் நாள் அந்தப் பெண் காவ்யாவின் பல்லுக்குப் பக்கத்தில் பட்டையைப் பிடித்தேன். ஒவ்வொன்றாக நகர்த்திக் கடைசிப் பல்லுக்கு வந்தேன். அவள் பல் அதையும் தாண்டியிருந்தது. அதற்கு மேல் வைத்துப் பார்க்க எங்களிடம் பல் இல்லை.

"என்னக்கா, சரியா இருக்கா?" என்றாள் காவ்யா. உதட்டைத் திறக்காமலே பேசினாள். காற்றுப் பட்டால் வலிக்கும் என்று அப்படிப் பேசப் பழகியிருந்தாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

"இருக்கு" என்று பொய் சொன்னேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்தாறு வருஷமாக மைசூரில் டென்டல் அசிஸ்டென்டாக இருக்கிறேன். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ராமாபுரம். கல்யாணமாகி இங்கே வந்தேன். பத்தாவது வரை தமிழ், வீட்டுக்கு வெளியே கன்னடம், நோயாளி படுக்கும் சேருக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டும் இங்கிலீஷும் கலந்த ஒரு குழம்பு. எல்லாரும் சரோஜாக்கா என்பார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை சேர்க்கிற விஷயம் ஒன்றும் இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

2. நீல விளக்கு அறை

எங்கள் கிளினிக் மைசூரில் ஹெப்பாள் பக்கம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக உள்ளே வருகிறவர்கள்தான் பாதிப் பேர். டாக்டர் மேடம் என்னோடு கன்னடத்தில்தான் பேசுவார். அவர் பேச்சை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

வைட்டனிங் செய்யும் அறைக்குள் முதல் தடவை போகிறவர்கள் ஒரு நிமிஷம் மிரண்டு போவார்கள். நான் மிரண்டேன். கன்னத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க பிளாஸ்டிக் ரிட்ராக்டர் மாட்டியிருப்போம். உதடு முழுக்க விலகி, பல்லும் ஈறும் மட்டும் தெரியும். கண்ணுக்கு ஆரஞ்சுக் கண்ணாடி. மேலே நீல விளக்கு. படுத்திருப்பவர் அழுதாலும் சரி, பயந்தாலும் சரி, முகம் சிரித்துக்கொண்டேதான் இருக்கும். பேச முடியாது. வலித்தால் கையைத் தூக்க வேண்டும். அதனால் நான் முகத்தைப் பார்க்கவே மாட்டேன், கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பல் கூசுவது இந்தச் சிகிச்சையோடு ஒட்டிப் பிறந்த சங்கதி. ஜெல் பல்லுக்குள்ளே ஊறும்போது நரம்பைச் சீண்டும். சிலருக்கு எதுவும் படாமலே சுளீர் என்று ஒரு வெட்டு வெட்டும். ஒரு நாள், இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். அதற்குள் அடங்கிவிடும். இரண்டு வாரம் முன்னாலிருந்தே கூச்சத்துக்கான பேஸ்ட் போடச் சொல்வோம். முடிந்த பிறகு ஐஸ் வேண்டாம், கொதிக்கக் கொதிக்கக் காப்பி வேண்டாம், மஞ்சள் போட்ட சாம்பார் வேண்டாம், தயிர்சாதம் சாப்பிடு என்போம். மைசூரில் ஒருவரிடம் காப்பி வேண்டாம் என்று சொல்வதுதான் இதிலேயே கஷ்டமான கட்டம்.

காவ்யாவுக்கு இருபத்தாறு வயசு. ஹெப்பாள் ஐடி வளாகத்தில் விடிகாலை ஷிப்ட், மத்தியானமே வீடு வந்துவிடுவாள். அப்பாவுக்கு அங்கேயே ஒரு ஃபாக்டரியில் வேலை. பூர்வீகம் எங்கள் ராமாபுரத்துக்கு அடுத்த மார்டள்ளிப் பக்கம் என்று தெரிந்ததும் நானும் அவள் அம்மாவும் ஐந்து நிமிஷத்தில் ஒட்டிக்கொண்டோம். மூன்று வாரத்தில் கல்யாணம். அதற்குப் பிறகு ஆடி பிறந்துவிடும், தள்ளிப்போட வழியில்லை.

சின்ன வயசில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவளுடைய மேல் முன்பல் ஒன்றில் அடி பட்டிருந்தது. மேடம் எக்ஸ்ரே எடுத்து, சில்லென்ற பஞ்சை வைத்துப் பார்த்து, "நரம்பு உயிரோடுதான் இருக்கு. ஆனா வீக். ஜாஸ்தி சீண்டக்கூடாது. செத்துட்டா பல் சாம்பல் நிறமாயிடும்" என்று அவளிடமே சொன்னார். கல்யாணப் பெண்ணின் நடுப்பல் சாம்பல் நிறமாக மாறினால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை சிகிச்சை. மூன்றாவது சுற்று ஜெல்லில் பாதியிலேயே கையைத் தூக்கினாள். மேடம் உடனே ஜெல்லை எடுத்துவிட்டார். "போதும். வீட்டில் போடுற வைட்டனிங் ஜெல் இவளுக்கு வேண்டாம். கூச்சத்துக்கான ஜெல் மட்டும் கொடு. ட்ரேயில் விட்டு தினம் ரெண்டு வேளை, கால் மணி நேரம்."

ட்ரே என்றால் அவரவர் பல் அளவுக்கு வார்த்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை. முன்பே செய்து வைத்திருந்தோம். நான் ஃப்ரிட்ஜைத் திறந்து பச்சை மூடி போட்ட சிரிஞ்ச் நாலு எடுத்தேன். சிரிஞ்ச் மேல் இருக்கும் பொடி இங்கிலீஷ் எழுத்து நோயாளிகளுக்குப் புரியாது என்று நானே ஸ்டிக்கர் எழுதி ஒட்டுவது வழக்கம். வலிக்கு என்று தமிழில் ஒரு வரி, அதற்குக் கீழே கன்னடத்தில் ஒரு வரி. அச்சடித்த எழுத்தை மறைத்து அழகாக ஒட்டிக் கையில் கொடுத்தேன். மற்ற கிளினிக்கில் இப்படிச் செய்கிறார்களா என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

3. ஊதுவது யார்

வைட்டனிங் செய்தவர்களுக்குத் தினம் சாயங்காலம் போன் போடுவேன். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டு அவர்கள் கார்டில் குறித்துவைப்பேன். உதட்டை விலக்கி, பல் மட்டும் தெரிய ஒரு போட்டோவும் வாட்ஸப்பில் அனுப்பச் சொல்வேன்.

முதல் நாள் ஐந்து என்றாள். சகஜம். இரண்டாம் நாளும் ஐந்து. மூன்றாம் நாள் ஒன்றோ இரண்டோ சொல்வாள் என்று பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏழு."

"ஜூஸ் ஏதாவது குடிச்சியா?"

"இல்லக்கா. ஏசி ஆன்ல இல்ல, ஃபேன்கூட இல்ல. கதவு, ஜன்னல் எல்லாம் மூடிட்டு சும்னே உக்காந்திருக்கேன். யாரோ எதிர்ல வந்து நின்னு என் பல்லு மேல ஊதற மாதிரி இருக்கு."

"யாரும்மா ஊதுவாங்க?"

"அதான் தெரியல. கரெக்டா நாலரைக்கு வருதுக்கா. டைம் பாத்து வர்ற மாதிரி."

"ஜெல் போடறியா?"

"போடறேன். ட்ரே வாயில இருக்கற வரைக்கும் பரவாயில்ல. எடுத்ததும் வருது. இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுக்கட்டுமா?"

"வலிச்சா வெச்சுக்கோ. அது ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் பிறகு எத்தனை தடவை நினைத்துக்கொண்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

போனை வைத்த பிறகு அவள் அனுப்பிய மூன்று போட்டோக்களையும் வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். கண் இல்லை, மூக்கு இல்லை. வெறும் வாய். முதல் நாளைவிட இரண்டாம் நாள் வெளுப்பு, அதைவிட மூன்றாம் நாள் வெளுப்பு. போன் கேமரா வேலையாக இருக்கும் என்று மூடிவைத்தேன்.

எங்கள் கிளினிக்கில் ஒரு அலமாரி நிறைய நோயாளிகளுடைய பற்களின் பிளாஸ்டர் மாடல்கள் இருக்கும். ட்ரே செய்வதற்காக அச்செடுத்தவை. இருபத்தாறு வருஷமாக அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு முதல் தடவையாக முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. எழுந்து போய் காவ்யாவின் மாடலை எடுத்தேன். அடிபட்ட பல்லின்மேல் விரலை வைத்தேன். சில்லென்று இருந்தது. பிளாஸ்டர் எப்போதுமே சில்லென்றுதான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திருப்பி வைத்தேன்.

ஐந்தாம் நாள் நேரில் வந்தபோது நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். மேடமிடம் ஷேட் கைடைக் காட்டினேன். அவர் விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொரு பல்லாக விளக்கடித்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். ஒன்றும் இல்லை. கூச்சம் போகப் பல்லுக்கான வார்னிஷ் மருந்து பூசினார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி, மெதுவாகத்தான் கேட்டார்.

"வீட்டில் வேற ஏதாவது போடறியா? ஆன்லைனில் வாங்கின, பல்லில் ஒட்டுற ஸ்ட்ரிப், பவுடர், ஏதாவது? கல்யாணம் பக்கத்தில் வந்தா எல்லாப் பொண்ணுங்களுக்கும் ஆசை வரும். திட்ட மாட்டேன். உண்மையைச் சொல்லு."

"இல்ல மேடம். நீங்க கொடுத்தது மட்டும்தான்."

மேடம் என்னைப் பார்த்தார். நானும் மேடமைப் பார்த்தேன். இரண்டு பேரும் நம்பவில்லை. வேறு எப்படி வெளுக்கும்? அவள் கிளம்பும்போது, ஜெல் தீர்ந்துவிடும் என்று இன்னும் இரண்டு சிரிஞ்ச் கொடுத்தனுப்பினேன். பச்சை மூடி. ஸ்டிக்கரும் ஒட்டித்தான்.

4. அம்மா வந்த நாள்

ஏழாம் நாள் அவள் அம்மா மட்டும் தனியாக வந்தார். தூறலில் நனைந்திருந்தார். துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தேன், வாங்கி மடியில் வைத்துக்கொண்டாரே தவிர துடைக்கவில்லை.

"சரோஜா, புள்ளைக்கு என்னமோ ஆகிப்போச்சுங்க" என்றார்.

"என்ன ஆச்சு?"

"வாயே தொறக்க மாட்டேங்குதுங்க. சோறு வெச்சா சும்மா பெசஞ்சுட்டு எந்திரிச்சுக்குது. நேத்து சாயங்காலம் ரூமுக்குள்ள போனனுங்க. கதவச் சாத்திட்டு, துப்பட்டாவ வாய்க்கு மேல சுத்திட்டு, செவுத்தப் பாத்து உக்காந்திருக்குது. கண்ணுன்னு கூப்பிட்டேன். திரும்பி வாயத் தொறந்துச்சு பாருங்க..." அவர் மடியிலிருந்த துண்டைப் பிடித்துக்கொண்டார். "ரூம்ல வெளிச்சமே இல்லீங்க. பல்லு மட்டும் தெரியுது. அது எம் புள்ள பல்லு இல்லீங்க."

"அதெல்லாம் உங்க நெனப்புங்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். திருஷ்டி கழிச்சேன். அவங்கப்பா, இவ திருட்டுத்தனமா எதையோ பூசறாள்ங்கறாரு. புள்ள ஆஃபீஸ் போனப்ப வீட்ல இருந்த அது பையெல்லாம் கொட்டிப் பாத்தனுங்க. பீரோவையும் பாத்தேன். ஒண்ணும் கெடைக்கல. எங்க ஒளிச்சு வெச்சிருக்காளோ."

பையைக் கொட்டிப் பார்த்தேன் என்று சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அவள் சொல்வது உண்மை என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "டாக்டரும் அப்படித்தான் நினைக்கிறாங்க" என்று நானும் எடுத்துக்கொடுத்தேன். இவ்வளவு வயசாகியும் வாயை அடக்கத் தெரியாத ஜென்மம் நான்.

அன்று சாயங்காலம் காவ்யா சொன்ன எண் ஒன்பது. அடிபட்ட பல்தான் எல்லாவற்றையும்விட மோசம் என்றாள். குறித்துக்கொண்டேன். போனை வைப்பதற்கு முன்னால், "அக்கா, நீங்களாவது நம்பறீங்களா?" என்றாள்.

"டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

5. நுரை

ஒன்பதாம் நாள் மேடமே அவளை வரச் சொல்லிவிட்டார். முன்பல்லின் நரம்பு போய்க்கொண்டிருக்கிறதோ என்று அவருக்குப் பயம். அப்படியானால் கல்யாணத்துக்கு முன்னால் ரூட் கெனால் செய்தாக வேண்டும். அதற்குப் பிறகு பல்லின் நிறத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மத்தியானம் மூன்று மணிக்கே மேகம் மூடி இருட்டிக் கிடந்தது. காவ்யாவும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மா வெளியே உட்கார்ந்துகொண்டார். காவ்யாவைச் சேரில் படுக்க வைத்தேன். மேடம் பக்கத்து அறையில் வேறு ஒரு நோயாளியோடு இருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. யுபிஎஸ் இரண்டு தடவை கத்திவிட்டு அடங்கியது. சேர் விளக்கும் போய்விட்டது. ஜன்னல் வழியாக வந்த சாம்பல் வெளிச்சத்தில் அவள் முகம் தெரியவில்லை. அவள் வாயைத் திறந்தாள். அவள் அம்மா சொன்னதை நானும் பார்த்தேன். பல்வரிசை மட்டும் அந்தரத்தில் நின்றது. நுனிகள் பல் மாதிரி இல்லை, அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி நீலம் பாய்ந்திருந்தது. கையில் இருந்த வாய்க்கண்ணாடி நழுவிக் கருவித் தட்டில் விழுந்தது.

"அக்கா, ட்ரே போட்டுட்டே வந்துட்டேன். பஸ்ல காத்து அடிக்குதுன்னு. எடுக்கட்டுமா?" என்றாள். அந்தரத்தில் நின்ற பற்கள் பேசின.

"நானே எடுக்கறேன்" என்றேன். எடுத்தேன். எடுத்த கணத்தில் அவள் சேரின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் காது வரைக்கும் வழிந்தது. ஒரு சத்தமும் போடவில்லை. இத்தனை நாளில் சத்தம் போட்டுப் பிரயோஜனமில்லை என்று கற்றுக்கொண்டுவிட்டாள்.

ட்ரேயைக் கழுவ ஜன்னலோரம் இருந்த பேசினுக்குக் கொண்டுபோனேன். குழாயைத் திறக்கப் போகும்போதுதான் உள்ளே பார்த்தேன். மீதி ஜெல்லில் பொடிப் பொடியாகக் குமிழ்கள். எச்சில் பட்ட இடமெல்லாம் நுரை. முன்பல் உட்காரும் குழியில்தான் அதிகம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குமிழ் உடைந்து இன்னொன்று வந்தது.

கூச்சத்துக்கான ஜெல் நுரைக்காது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட நுரைத்ததில்லை. வைட்டனிங் ஜெல்தான் நுரைக்கும்.

"சிரிஞ்ச் வெச்சிருக்கியா?"

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். என் கையெழுத்து, வலிக்கு. ஸ்டிக்கரின் ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்துக் கிழித்தேன். ஈரத்தில் ஊறியிருந்ததால் சுலபமாக வந்தது. அடியில் இங்கிலீஷில் வைட்டனிங் ஜெல் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பொடி எழுத்துகூட இல்லை. மின்ட் வாசனை என்று பக்கத்தில் ஒரு இலைப் படம் வேறு.

எங்கள் வேலையில் எல்லாமே நிறம்தான். பல்லுக்குள் விட்டுச் சுரண்டும் ரூட் கெனால் ஃபைல்கள் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று அளவுக்கு ஒரு நிறம். ஊசியும் அப்படியே. மேடம் எண்ணைச் சொல்வதற்குள் என் கை நிறத்தை எடுத்துவிடும். எழுத்தைப் படிக்கிறவர்களை உள்ளுக்குள் கேலி செய்கிற ஆள் நான். பல வருஷமாக நாங்கள் வாங்கிய கம்பெனியில் கூச்ச ஜெல்லுக்குப் பச்சை மூடி. அதற்கு முந்தின மாசம்தான் கம்பெனி மாறியது. புதிய கம்பெனியில் வைட்டனிங் ஜெல்லுக்குப் பச்சை மூடி, கூச்ச ஜெல்லுக்கு வெள்ளை. பெட்டியைப் பிரித்து ஃப்ரிட்ஜில் அடுக்கியது நான். என் கை பழைய வழக்கப்படி பச்சையை எடுத்தது. அவள் படித்துத் தெரிந்துகொள்ள முடியாதபடி நானே ஸ்டிக்கரும் ஒட்டினேன்.

வலித்தது. வலிக்கு என்று எழுதியிருந்ததைப் போட்டாள். அதனால் இன்னும் வலித்தது. இன்னும் போட்டாள். ட்ரே வாயில் இருக்கும்வரை காற்றுப் படாது, அதனால் இதமாக இருந்தது. அந்த முதல் நாட்களில் சாயங்காலம் நாலேகாலுக்குப் போட்டு, சொன்னபடி நாலரைக்கு எடுத்திருக்கிறாள். நாலரைக்கு யார் வந்து ஊதினார்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது. நான்தான் ஊதியிருக்கிறேன்.

6. பேட்ச் சரியில்லை

மேடமை வெளியே கூப்பிட்டு சிரிஞ்சைக் காட்டினேன். பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். ஸ்டிக்கர் கிழிச்சதைப் பாத்தா. படிச்சாளான்னு தெரியல."

"கம்பெனியிலிருந்து வந்த ஜெல் பேட்சே சரியில்லைன்னு சொல்லிடலாம். இது வெளியே போனா கிளினிக் பேர் கெட்டுடும். உன் வேலையும் சேர்த்துத்தான் சொல்றேன், சரோஜா."

மேடம் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். நான் அவரைவிடப் பயந்துபோயிருந்தேன். தலையை ஆட்டினேன். தலையை ஆட்டினேன் என்று எழுதவே கூசுகிறது, ஆனால் ஆட்டினேன்.

கரண்ட் வந்தது. மேடம் சரியான ஜெல்லை எடுத்துத் தானே படித்துப் பார்த்து, அவள் பல்லில் வைத்தார். அம்மாவை உள்ளே கூப்பிட்டார். "கொடுத்த ஜெல் பேட்ச் கொஞ்சம் சரியில்லை. மாத்திட்டோம். இனி வலி குறையும்" என்றார். நான் பக்கத்தில் நின்று அதையே தமிழில் சொன்னேன்.

அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"மருந்து சரியில்லீன்னா வலிக்கும், சரி. பல்லு எப்படி வெளுக்கும்? மருந்து மேல பழியப் போட்டுட்டு நீ தப்பிச்சுக்கலாம்னு பாக்காத. என்னத்தப் பூசினேன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிடு, கண்ணு."

காவ்யாவின் பார்வை என் கையில் இருந்தது. கிழித்த ஸ்டிக்கர் இன்னும் என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் படித்திருந்தாள். படித்துவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது நாளாக எனக்கிருந்த பயமெல்லாம் அந்தப் பார்வைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"அவ எதையும் பூசலீங்க" என்றேன். "நான்தான் தப்பான மருந்தைக் கொடுத்தேன். வெளுக்கற மருந்து. வலி மருந்துன்னு நானே எழுதி ஒட்டிக் கொடுத்தேன். மறுபடியும் கொடுத்தேன். அதிக நேரம் வெச்சுக்கச் சொன்னதும் நான்தான். பேட்ச் எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

மேடம் தரையைப் பார்த்தார். என்னைத் தடுக்கவில்லை.

"ஏனுங்க..." என்று ஆரம்பித்த அம்மா என் விரலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காவ்யா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அக்கா, இதை எங்கப்பாகிட்டயும் நீங்களே வந்து சொல்லணும். நான் பொய் சொல்லலன்னு."

"வர்றேன்."

அம்மா மெல்ல எழுந்து சேருக்குப் பக்கத்தில் போனார். மகளின் தாடையைத் தொடப் போய், வலிக்குமோ என்று கையை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டார். "ரொம்ப வலிச்சுதா கண்ணு?" என்றார்.

"வலிச்சுதும்மா" என்றாள் காவ்யா. அப்புறம்தான் சத்தம் போட்டு அழுதாள். வாய் முழுக்கத் திறந்து அழுதாள், காற்றுப் படுவதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

7. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு

அன்றே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். காப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அது நியாயம்தான். மேடம் என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அதுவும் நியாயம்தான்.

ஜெல்லை மாற்றிய மூன்றாம் நாளிலிருந்து எண் இறங்க ஆரம்பித்தது. ஆறு, நாலு, ஒன்று. அடிபட்ட பல் மட்டும் எங்களை ஆட்டிவைத்தது. முதலில் ஓயாமல் வலித்த பல், பிறகு ஒன்றுமே சொல்லாமல் அடங்கிப் போயிற்று. நரம்பு செத்தாலும் அப்படித்தான் அடங்கும். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மேடம் சில்லென்ற பஞ்சை அந்தப் பல்லில் வைத்தார். நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

"தெரியுது" என்றாள் காவ்யா.

முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. கல்யாணம் நெருங்கிவிட்டதே என்று சும்மா சொல்கிறாளோ என்று பழைய ஆளாக இருந்தால் நான் சந்தேகப்பட்டிருப்பேன். மேடம் இன்னொரு தடவை கேட்கவில்லை. பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, "பல் உயிரோடு இருக்கு, போய்க் கல்யாணம் பண்ணிக்கோ" என்றார். அந்தப் பல் இன்றுவரை நன்றாக இருக்கிறது.

ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நோயாளிக்குப் புரிய வேண்டும், ஒட்டத்தான் வேண்டும். எழுத்தை மறைக்காமல் ஒட்டுங்கள். மூடியின் நிறத்தை நம்பாதீர்கள். புதுப் பெட்டி வந்தால் அன்றைக்கே உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். வலி மூன்று நாளைத் தாண்டினால் கொடுத்த மருந்தைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிக் கையில் வாங்கிப் பாருங்கள். இவையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடக்கூடிய சங்கதிகள்.

சுவரில் ஒட்ட முடியாதது ஒன்று உண்டு. நோயாளி சொல்வது நடக்கவே முடியாத விஷயமாகத் தோன்றினால், அவர் பொய் சொல்கிறார் என்றுதான் நமக்கு முதலில் தோன்றும். அந்த இடத்தில் நின்று, நாம் என்ன செய்தோம் என்று தேடுங்கள். காவ்யாவிடம் நானும் மேடமும் அவள் வீட்டாரும் மாற்றி மாற்றிக் கேட்டோம். ஒன்பது நாளும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள், நீங்கள் கொடுத்தது மட்டும்தான் என்று.